5 கிலோ பொமரேனியனுக்குப் பச்சைக்கறி போடலாமா?

வேலூர் கொசப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் பொமரேனியன், பெண் நாய், 4 வயது, 5 கிலோ. இதுவரை தயிர்ச் சோறு, பால் பிஸ்கட், நடுநடுவே பாக்கெட் தீனி. உடம்பு அரிப்பு, வாய் நாற்றம் இரண்டும் இருக்கிறது. காலையில் கோட்டை மைதானத்துக்கு நடக்க வரும் நண்பர் ஒருவர் தன் லேப்ரடாருக்கு ஒரு வருடமாகப் பச்சைக் கோழி போடுகிறாராம். முடி பளபளக்கிறது, பல் வெள்ளையாக இருக்கிறது, நீயும் மாற்றிவிடு என்கிறாராம். எப்படி மாற்றுவது, எவ்வளவு போடுவது, கோழிக் கழுத்து கொடுக்கலாமா என்பது கேள்வி. கடைசி வரியில், போகிற போக்கில், வீட்டில் 2 வயதுக் குழந்தையும் சர்க்கரை நோயுள்ள அம்மாவும் இருப்பதாக எழுதியிருக்கிறார். நான் அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் படிக்கிறேன்.

கால்நடைத் துறையில் ஆய்வாளராக குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு என்று சுற்றி ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர் பக்கத்தில் நாயைப் பிடித்துக்கொண்டு நின்ற அனுபவம் நிறைய. வீட்டிலும் சின்ன நாய்கள்தான் வளர்த்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்: உங்கள் வீட்டு நிலைமைக்குப் பச்சையாக வேண்டாம், கறிக்கு மாறுங்கள், வேகவைத்துப் போடுங்கள். கறிக்கு மாறுவது வேறு, பச்சையாகப் போடுவது வேறு. பச்சைக்கறியால் வந்ததாகச் சொல்லும் நன்மையில் பெரும்பங்கு, பிஸ்கட்டை நிறுத்திக் கறியைப் போட்டதால் வந்தது. அதை வெந்த கறியும் கொடுக்கும்.

சரி, ஏன் வேண்டாம் என்று விளக்கமாகச் சொல்கிறேன். அதையும் மீறிப் பச்சையாகத்தான் போடுவேன் என்பவர்களுக்கு எப்படிப் போடுவது என்றும் பின்னால் எழுதியிருக்கிறேன்.

பச்சைக்கறி ஆட்கள் சொல்லும் முதல் வாதம், 'நாயின் வயிற்று அமிலம் எதையும் கொன்றுவிடும்' என்பது. பாதி உண்மை. சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமி இருந்த கறியைத் தின்றும் நாய் பெரும்பாலும் ஒன்றும் ஆகாமல் வாலை ஆட்டிக்கொண்டுதான் நிற்கும். ஆனால் கிருமி செத்துப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. சில நாட்கள் வரை மலத்தில் வெளியேறும். நாய் பின்புறத்தை நக்கும், அதே நாக்கால் குழந்தையின் முகத்தை நக்கும். பொமரேனியன் கட்டிலில் ஏறாத வீடு எது? பெரிய நாய் வாசலில் படுக்கும், சின்ன நாய் தலையணையில் படுக்கும். ஆபத்து நாய்க்கு அல்ல, குழந்தைக்கும் அம்மாவுக்கும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2012ல் நாய், பூனைக்குப் பச்சை இறைச்சி வேண்டாம் என்று கொள்கையாகவே அறிவித்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இன்னொன்று, 'ஓநாய் பச்சையாகத்தானே தின்கிறது' என்பார்கள். ஓநாய் அப்போதுதான் அடித்த இரையைத் தின்கிறது. நீங்கள் வாங்குவது கடைக் கறி. ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு எந்தக் கோழிக்கடைக்கும் போய் 10 நிமிடம் நின்று பாருங்கள். வெட்டுவது புளியமரக் கட்டையில். கட்டையின் நடுவில் கத்தி பட்டுப் பட்டுக் குழி விழுந்திருக்கும், அந்தக் குழியில் கறித் துணுக்கு அடைந்திருக்கும். குடல் எடுத்த அதே கையால்தான் தொடையைப் பிடிக்கிறார்கள். கழுவுவது நீல டிரம்மில் இருக்கும் தண்ணீரில், காலையிலிருந்து அதே தண்ணீர். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவர் விற்பது கொதிக்கும் குழம்பில் போடப்போகும் கறி, அதற்கு அது போதும். அவருக்குத் தெரியாமல் நாம் அதைப் பச்சையாகத் தட்டில் வைக்கிறோம். கைமா இன்னும் மோசம். முழுத் துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும். அரைத்துவிட்டால் வெளியே இருந்தது எல்லாம் உள்ளே போய்விடும்.

அப்புறம் நம் ஊர் வெயில். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், கடையிலிருந்து வண்டியில் தொங்கவிட்டுக் கொண்டுவருவதற்குள்ளேயே கறி சூடாகிவிடும். 'ப்ரீசரில் வைத்தால் கிருமி போய்விடும்' என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். போகாது. சால்மொனெல்லா உறைந்து தூங்கும், இளகியதும் எழுந்துகொள்ளும். புழுக்கள் சாகும், அதைப் பற்றி இனி.

இதைத்தான் நான் ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: ஆட்டு ஈரல், நுரையீரல் இரண்டையும் பச்சையாகப் போடவே கூடாது.

வேலையில் இருந்த காலத்தில் ஆடு அறுக்கும் இடத்தில் ஒரு செம்மறியின் வயிற்றைத் திறந்தபோது ஈரலின் மேல் ஒரு நுங்கு உட்கார்ந்திருந்தது. நுங்கு என்றுதான் சொல்லவேண்டும். தோல் உரித்த நுங்கு எப்படி வெளுப்பாக, உள்ளே தண்ணீர் தளும்பத் தளும்ப இருக்குமோ அப்படியே. நுரையீரலில் இன்னும் இரண்டு, சிறிது. கத்தி பட்டதும் தெளிந்த நீர் பீய்ச்சியது. அறுத்தவர் அந்தப் பகுதியை வெட்டிச் சுவரோரம் எறிந்தார். அங்கே தயாராகக் காத்திருந்த தெருநாய் இரண்டு வாயில் விழுங்கிவிட்டது. என்னோடு வந்திருந்த டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அது ஹைடாடிட் கட்டி. உள்ளே ஒரு நாடாப்புழுவின் இளம் தலைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். நாய் தின்றால் அவை குடலில் ஒட்டி, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள சின்னஞ்சிறு புழுக்களாக வளரும். ஆறு ஏழு வாரத்தில் முட்டை நாயின் மலத்தில் வர ஆரம்பிக்கும், முடியிலும் ஒட்டும். நாய்க்கு ஒரு அறிகுறியும் தெரியாது. அந்த முட்டை புல்லோடு ஆட்டுக்குப் போனால் ஆட்டு ஈரலில் கட்டி. கை வழியாக மனிதனுக்குப் போனால் மனித ஈரலிலும் நுரையீரலிலும் அதே நுங்கு. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்ந்து, ஒருநாள் ஸ்கேனில் தெரியும். ஆபரேஷன் வரை போகும். (நாயின் ஆசனவாயைச் சுற்றி அரிசி போல ஒட்டியிருக்கும் வெள்ளைத் துண்டுகளைப் பார்த்து நிறையப் பேர் பயப்படுவார்கள். அது தெள்ளுப்பூச்சி வழியாக வரும் வேறு நாடாப்புழு. கண்ணுக்குத் தெரியாத இதுதான் ஆபத்தானது.)

கறிக்கடையில் நாய்க்கு என்று கேட்டால் சும்மாவோ மலிவாகவோ கிடைப்பது எது? நுரையீரல், குடல், வெட்டி ஒதுக்கிய ஈரல் ஓரங்கள். அதாவது எதைக் கொடுக்கக்கூடாதோ அதுதான் கையில் வந்து விழும். கொதிக்கவைத்தால் கட்டி செத்துவிடும், பிரச்சினை முடிந்தது. -20 டிகிரியில் 10 நாள் விடாமல் உறையவைத்தாலும் சாகும். ஆனால் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் தட்டு எத்தனை டிகிரி என்று யாருக்குத் தெரியும்? கரன்ட் போய் வந்ததும் ஐஸ் இளகி மறுபடி உறைந்ததைக் கணக்கு வைப்பது யார்?

தொண்டைக் குழாயை ஒட்டிய கறியும் வேண்டாம். தைராய்டு சுரப்பி அங்கேதான் இருக்கிறது. அதைத் தொடர்ந்து தின்ற நாய்களுக்கு தைராய்டு அளவு ஏறிப்போய், எவ்வளவு தின்றாலும் இளைத்துக்கொண்டே போவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இனி எலும்பு. பச்சையோ வேகவைத்ததோ, கறிச் சாப்பாட்டில் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு கிருமி அல்ல, கால்சியம். இதை நான் சொந்தமாகத் தப்புச் செய்து கற்றுக்கொண்டேன்.

என் மகள் ஒரு குட்டியைக் கொண்டுவந்தாள், இரண்டு மாதம், கைக்குள் அடங்கும். செல்லம் அதிகம். எலும்பு குத்திவிடும் என்று எலும்பில்லாத கோழியும் ஈரலும் மட்டும் வேகவைத்துப் போட்டோம். குட்டி மளமளவென்று வளர்ந்தது, எங்களுக்குப் பெருமை. நாலாவது மாதம் சோபாவிலிருந்து குதித்து முன்னங்காலைத் தூக்கிக்கொண்டது. ஒரு அடிக்கும் குறைவான உயரம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பு படத்திலேயே மங்கலாக, பக்கத்துச் சதைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்தது. டாக்டர் என்னிடம், 'நீங்களே இப்படிச் செய்யலாமா சார்?' என்று மட்டும் கேட்டார். அந்த 'நீங்களே' இன்னும் காதில் இருக்கிறது.

காரணம் எளிது. தசைக் கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. 100 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் 170 மில்லிகிராம் பக்கம், கால்சியம் 11, 12 தான். நாய்க்கு வேண்டியதோ பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் குறைந்தது ஒரு பங்கு, கூடினால் இரண்டு பங்கு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது, எலும்பிலிருந்து உருவி எடுக்கும். குட்டியாக இருந்தால் சில வாரங்களில் தெரியும். வளர்ந்த நாயில் மெதுவாக, தாடை எலும்பு மெலிந்து பல் ஆடும்போதுதான் தெரியவரும்.

'ஆட்டுக்கால் சூப்பு ஊற்றுகிறோமே' என்பார்கள். சூப்பில் ருசியும் பசையும் இறங்கும், கால்சியம் எலும்பிலேயேதான் இருக்கும். பிறகு அந்தச் சூப்பில் வெங்காயம் போட்டிருப்பீர்கள். 5 கிலோ நாய்க்கு ஒரு நடுத்தர வெங்காயமே ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கப் போதும், வேகவைத்தாலும் அதன் நஞ்சு போகாது. ஞாயிறு பிரியாணியில் மிஞ்சிய எலும்பும் இதே கணக்கில்தான் வரும்: வெங்காயம், கொழுப்பு, அதோடு வெந்த எலும்பு. வெந்த எலும்பு உடைந்தால் ஊசி ஊசியாகச் சிதறும். ஆம்பூர் பிரியாணி மனிதனுக்கு.

சரி, பச்சை எலும்பு சிதறாதே, கழுத்து கொடுக்கலாமா? பச்சைக் கோழி எலும்பு வளையும், சிதறுவது குறைவு என்பது உண்மைதான். ஆனால் 5 கிலோ நாயின் தொண்டை உங்கள் சுண்டுவிரல் அகலம். முன்பு என்னிடம் இருந்த ஜிம்மி ஒரு முழுக் கழுத்தைக் கடிக்காமல் விழுங்கி, பாதி உள்ளே பாதி வெளியே நின்றது. நாக்கு நீலம் பாய்ந்துவிட்டது. என் மனைவி வாயைப் பிளந்து பிடிக்க, நான் இரண்டு விரலை விட்டு இழுத்தேன். விரலில் பல் பட்ட தழும்பு இருக்கிறது. சின்ன நாய்கள் பொதுவாகவே, பக்கத்தில் இன்னொரு நாயோ ஆளோ வந்தால், பிடுங்கிவிடுவார்கள் என்று அப்படியே விழுங்கும். பொமரேனியனுக்குச் சுவாசக் குழாய் தளரும் தொந்தரவும் அடிக்கடி உண்டு, வாத்து கத்துவது போல இருமும் நாய் என்றால் எலும்புப் பேச்சே வேண்டாம். ஆட்டுக் கால் எலும்பைக் கொடுப்பவர்கள் பல்லைத் தியாகம் செய்கிறார்கள். மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் பிளந்து வந்த நாய்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எலும்புக்குப் பதில் முட்டை ஓடு போதும். ஓட்டைக் கழுவி, 10 நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து (நம் ஊர் வெயிலுக்கு இதிலாவது ஒரு உபயோகம்), மிக்ஸியில் மைதா போல நைஸாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். 5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு மட்டமாகக் கால் டீஸ்பூன். அதில் ஏறக்குறைய 400 முதல் 500 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும், அதன் தேவையும் அவ்வளவுதான். குட்டி நாய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு வயதுக்குள் இருப்பதற்கு வீட்டுக் கணக்கு எதுவும் வேண்டாம், பாக்கெட் தீனியே பாதுகாப்பு என்று என் அனுபவத்தில் சொல்கிறேன்.

அளவைப் பற்றி. நண்பர் '100 கிலோவுக்கு 2 கிலோ, அதாவது உடல் எடையில் 2 சதவீதம்' என்று சொல்லியிருக்கலாம். அது பெரிய நாய்க்கு ஓடும். சின்ன உடம்பு சீக்கிரம் சூட்டை இழக்கும், அதனால் கிலோவுக்குக் கூடுதல் தீனி கேட்கும். சும்மா படுத்திருக்க மட்டும் ஆகும் சக்தியைக் கணக்கிட்டால் 30 கிலோ லேப்ரடாருக்குக் கிலோவுக்கு 30 கலோரி, உங்கள் 5 கிலோவுக்குக் கிலோவுக்கு 47. அதாவது ஒன்றரை மடங்கு. ஓடியாடுவதையும் சேர்த்தால் உங்கள் நாய்க்கு நாளொன்றுக்கு 300 முதல் 350 கலோரி வேண்டும், கருப்பை எடுத்த நாய் என்றால் 300 போதும். தோல் உரித்த நெஞ்சுக்கறி 100 கிராமில் 120 கலோரிதான் இருக்கிறது. 2 சதவீதம் என்று 100 கிராம் வைத்தால் பாதிப் பட்டினி.

அதற்காகத் தோலும் கொழுப்புமாக அள்ளிப் போடவும் கூடாது. சின்ன ஜாதி நாய்களுக்குக் கணையம் பலவீனம். கறிக்கடையில் ஒதுக்கிய கொழுப்பு ஒரு கை தின்றாலே கணையம் வீங்கி, முன்னங்காலை நீட்டிப் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு, கும்பிடுவதுபோல நிற்கும். அப்படி நின்று வாந்தியும் எடுத்தால் வீட்டு வைத்தியம் பார்க்கக்கூடாது.

அரிப்புக்கு வருவோம். நீங்கள் மாற்ற நினைத்ததற்கே அதுதானே காரணம்? நம் பக்கத்தில் நாய் சொறிவதற்குப் பத்தில் எட்டுக்கு மேல் உண்ணி, தெள்ளு, சொறிப்பூச்சி, பூஞ்சை என்பது என் கணிப்பு. வால் அடியிலும் காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் முதலில் தேடுங்கள். தெள்ளுச் சீப்பால் வாரி, வரும் கருப்புத் துகளை நனைத்த வெள்ளைத் துணியில் தேயுங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், நாயின் ரத்தம். தீனியால்தான் அரிப்பு என்றாலும், நாய்களுக்கு அடிக்கடி ஒவ்வாமை தருபவை மாட்டுக்கறி, பால் பொருட்கள், கோழி. உங்கள் நாய் தின்பது தயிரும் பாலும். மாறப்போவது கோழிக்கு. அரிப்பு கூடினால் பச்சைக்கறி 'விஷத்தை வெளியேற்றுகிறது' என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். முதலில் தயிரையும் பால் பிஸ்கட்டையும் மட்டும் ஆறு வாரம் நிறுத்திப் பாருங்கள், செலவே இல்லை.

'சோறு நாய்க்குச் செரிக்காது' என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. 2013ல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வு ஒன்று, மாவுச்சத்தைச் செரிக்கவைக்கும் மரபணு ஓநாய்க்கு 2 பிரதிதான், நாய்க்கு 4 முதல் 30 வரை இருக்கிறது என்று காட்டியது. மனிதன் பக்கத்திலேயே ஆயிரக்கணக்கான வருடம் படுத்திருந்ததன் பலன். சேர்க்காட்டிலும் லத்தேரியிலும் கேழ்வரகுக் களி தின்றே 14 வயது வரை இருந்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன். நன்றாக வெந்த சோறு செரிக்கும். சோறு மட்டும் என்றால் குறை வரும், அவ்வளவுதான்.

பல்லுக்கு வாரத்தில் நாலு நாள் விரலில் துணி சுற்றி, நாய்ப் பற்பசை தொட்டுத் தேய்ப்பதுதான் வழி. நம் பேஸ்ட் கூடாது. இப்போதே நாறுகிறது என்றால் காரை ஏறி ஈறு வீங்கியிருக்கும். அதற்கு மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்யவேண்டியிருக்கலாம். எந்த எலும்பும் ஏறிய காரையை ஈறுக்கு அடியிலிருந்து எடுக்காது.

நான் உங்கள் நாய்க்கு என்ன போடுவேன் என்று கேட்டால், ஒரு நாள் கணக்கு இது. கோழித் தொடைக்கறி எலும்பில்லாமல், தோல் கொஞ்சம் விட்டு, பச்சையாக நிறுத்து 110 கிராம். வெந்த சோறு 80 கிராம், ஒரு சின்னக் கிண்ணம். பரங்கிக்காய் அல்லது கேரட் இரண்டு ஸ்பூன், மசிய வேகவைத்தது. கோழி ஈரல் நாளைக்கு 6 கிராம். அதை அளப்பது கஷ்டம், ஞாயிறன்று 40 கிராம் வாங்கி ஏழாகப் பிரித்து ப்ரீசரில் போடுங்கள். நாய்க்கு ஈரல் பிடிக்கிறதே என்று கூட்டாதீர்கள், வைட்டமின் ஏ உடம்பில் தேங்கி மூட்டுகளை இறுக்கும். முட்டை ஓட்டுத் தூள் கால் டீஸ்பூன், எண்ணெய் அரை டீஸ்பூன். வாரம் ஒருநாள் கோழிக்குப் பதில் மத்தி மீன், வேகவைத்து முள் எடுத்து. மீனைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. மத்தி, நெத்திலி போன்றவற்றில் தயாமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது, சூடு பட்டால்தான் அது போகும். உப்பு, மஞ்சள், மிளகாய் ஒன்றும் வேண்டாம். கறி வெந்த தண்ணீரைக் கொட்டாமல் சோற்றில் பிசையுங்கள்.

இதில் துத்தநாகமும் வைட்டமின் ஈ, டி இரண்டும் குறையும். அதற்கு உங்கள் டாக்டரிடம் நாய்க்கான விட்டமின் பவுடரைக் கேளுங்கள். நேரம் இல்லாதவர்களுக்கு இதைவிட எளிய வழி: பாதி பாக்கெட் தீனி, பாதி வெந்த கறி. இரண்டையும் கலந்தால் செரிக்காது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

இவ்வளவும் படித்துவிட்டும் பச்சையாகத்தான் என்பவர்களுக்கு, உங்களுக்கு அல்ல, வீட்டில் குழந்தையும் நோயாளியும் கர்ப்பிணியும் இல்லாதவர்களுக்கு: 80 பங்கு தசை, 10 பங்கு எலும்பு, 10 பங்கு உள்ளுறுப்பு, அதில் பாதி ஈரல் என்பது வழக்கமான கணக்கு. எலும்பை முழுதாகக் கொடுக்காமல் கடையில் நைஸாக அரைத்து வாங்குவது சின்ன நாய்க்குப் பாதுகாப்பு. அரைத்தால் கிருமி கலக்கும் என்று மேலே சொன்னதும் நினைவிருக்கட்டும், எதற்குப் பயப்படுவது என்று நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். காலையில் கடை திறந்ததும் முதல் கோழியை, கட்டையைக் கழுவிய பிறகு, கண்ணெதிரே வெட்டச் சொல்லி வாங்குங்கள். ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து உறையவைத்து, முந்தின இரவு ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் இறக்கி இளகவிடுங்கள், மேடையில் வைத்து அல்ல. குழாயடியில் கறியைக் கழுவாதீர்கள், தெறிக்கும் துளிதான் பாத்திரம் முழுவதும் பரப்பும். எவர்சில்வர் தட்டு, 20 நிமிடத்தில் எடுத்துவிடவேண்டும், சுடுதண்ணீர், சோப்பு. ஈரலையும் நுரையீரலையும் மட்டும் வேகவைத்தே போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து கொடுத்தால் போதும் என்பது சாதாரண நாய்க்கு. பச்சை ஆட்டுக்கறி தின்கிற நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் பிராசிகுவான்டல் சேர்ந்த மருந்து. பைரன்டல் மட்டும் உள்ள சிரப் நாடாப்புழுவைத் தொடவே தொடாது, மருந்துக் கடையில் அட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

மாற்றும் வேகம் இரண்டுக்கும் ஒன்றுதான். முதல் மூன்று நாள் பழைய தீனி முக்கால், புதியது கால். அடுத்த மூன்று நாள் பாதிப் பாதி. அப்புறம் மூன்று நாள் புதியது முக்கால். பத்தாவது நாள் முழுதும். முதல் இரண்டு வாரம் கோழி மட்டும், அது ஒத்துக்கொண்ட பிறகு மீன், ஆடு. மலத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சுண்ணாம்பு போல வெளுத்து உதிர்ந்தால் எலும்போ ஓட்டுத் தூளோ அதிகம். தளர்ந்தால் கொழுப்பு அதிகம், இரண்டு நாள் பின்வாங்குங்கள். கருப்பாகத் தார் போல வந்தால் ஈரலாகவும் இருக்கலாம், ரத்தமாகவும் இருக்கலாம், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

'தின்னாவிட்டால் பட்டினி போடு, மூன்றாம் நாள் தானாக வரும்' என்ற யோசனை வந்தால் காதில் வாங்காதீர்கள். லேப்ரடாரைப் பட்டினி போட்டால் தாங்கும். மூன்று நாலு கிலோ நாயின் உடம்பில் சேமிப்பே கொஞ்சம், குட்டியாக இருந்தால் சர்க்கரை இறங்கித் தள்ளாடி, வலிப்பு வந்து விழும். ஒருவேளை தின்னாவிட்டால் பழைய தீனியைக் கொஞ்சம் கலந்து கொடுங்கள், சோற்றை லேசாகச் சூடு பண்ணுங்கள், வாசனை வந்தால் வரும்.

எடையைப் பத்து நாளுக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். 5 கிலோ நாயில் கால் கிலோ குறைந்தாலே கணக்கு தப்பியிருக்கிறது என்று அர்த்தம், ஆனால் நீங்கள் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறினால் அந்தக் கால் கிலோ தெரியாது. ஒரு பிளாஸ்டிக் கூடையில் உட்காரவைத்துப் பழைய பேப்பர் கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்வேன். கடைக்காரர் முதல் தடவை மட்டும் கிலோ என்ன விலைக்குப் போடுகிறீர்கள் என்று கேட்டார்.